சின்னப் படகுக்கு எந்த இன்ஜின்? முதலில், அதை யார் தூக்குவது?

கேள்வி: பினாங்கில் இருக்கிறேன். 14 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். பழைய 15 எச்பி டூ ஸ்ட்ரோக் இன்ஜின் முடிந்துவிட்டது. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை தூண்டில் போடப் போவேன். புதிதாக எதை வாங்கலாம்? ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறலாமா?

பதில்:

எத்தனை எச்பி, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம். இன்ஜினைத் தினமும் படகிலேயே விட்டுவிட்டு வருவீர்களா, இல்லை கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவீர்களா? இதற்கு நீங்கள் சொல்லும் பதிலிலேயே பாதி முடிவு வந்துவிடும். நான் இதை யோசிக்காமல் வாங்கி ஒரு வருஷம் அவதிப்பட்டவன், அந்த உரிமையில்தான் சொல்கிறேன்.

எனக்கும் உங்களைப் போல 14 அடிதான். பினாங்கின் பெருநிலத்தில், பத்து கவான் பக்கம் ஓர் ஆற்றோர ஜெட்டியில் (படகுத்துறையில்) கட்டி வைத்திருக்கிறேன். அதிலிருந்த பழைய இன்ஜினை ஒரு ராத்திரி யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதுசு வாங்கலாம் என்று நானும் மச்சானும் கிளம்பினோம். அதற்கு முன்பு, ஜெட்டியில் எல்லோருக்கும் இன்ஜின் பார்த்துக் கொடுக்கும் ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம், பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், ஃபோர் ஸ்ட்ரோக் 20 வாங்கப்போகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிகரெட்டை எடுக்காமலேயே ஒரே கேள்விதான் கேட்டார்: "சியாபா நாக் அங்காட்?" யார் தூக்கப்போவது? நான் சிரித்தேன். மச்சான் கையை மடக்கிக் காட்டினான்.

வாங்கியது 52 கிலோ. முதல் மூன்று தடவை ஒன்றும் தெரியவில்லை. நாலாவது தடவை பூலாவ் அமான் தீவுப் பக்கம் போய்விட்டு (மீன் பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் இறால் போட்ட மீ ஊடாங் நூடுல்ஸ் சாப்பிட்டு மனசைத் தேற்றிக்கொண்ட நாள் அது) திரும்பி வரும்போது தண்ணீர் வற்றிவிட்டது. பெருநிலப் பக்கத்துச் சேறு உங்களுக்குத் தெரியாததில்லை, கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கரைக்கு வருவதற்குள் மச்சானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எப்படியோ வேனில் ஏற்றிப் படுக்க வைத்தோம். வைத்த பக்கம் தப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில், டூ ஸ்ட்ரோக் மாதிரி பெட்ரோலோடு கலக்காமல், அடியில் தனியாக இன்ஜின் ஆயில் இருக்கிறது, அதனால் கம்பெனி சொன்ன பக்கமாகத்தான் சாய்க்க வேண்டும், பெரும்பாலும் மூடியிலேயே படம் ஒட்டியிருக்கும். மாற்றிப் படுக்க வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அடுத்த வாரம் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றது, இன்ஜின் எழுந்திருக்கவில்லை. பிளக்கைக் கழற்றினால் ஆயிலில் குளித்திருக்கிறது. துடைத்து மாட்டி ஒருவழியாக எழுப்பியபோது வந்த புகையைப் பார்த்துப் பாக்சிக் டூ ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கிறதே என்றார்.

டூ ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லை இல்லை, எந்தப் பக்கமும் சாய்க்கலாம். தலைப்பக்கம் மட்டும் அடிப்பக்கத்தைவிட மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினின் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் பகுதியில், தேங்கிய கடல் தண்ணீர் தலைக்கு ஓடும்.

சரி, எடைக் கணக்கைப் பார்ப்போம். யாமஹாவின் டூ ஸ்ட்ரோக் 15, நம் மீனவர்கள் எல்லோரிடமும் இருக்கிறதே, அது சுமார் 36 கிலோ. அதே யாமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக் 15 கிட்டத்தட்ட 52 கிலோ. ஒரே எச்பி, ஆனால் 16 கிலோ வித்தியாசம், அதாவது ஒரு பத்து கிலோ அரிசி மூட்டையும் அதற்கு மேலேயும். சுசுகியும் தொஹாட்சுவும் புது ரக ஃபோர் ஸ்ட்ரோக் 15ஐ 43, 44 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டன. இதெல்லாம் குட்டை ஷாஃப்ட் (கால் குட்டையானது), கையால் கயிறு இழுக்கும் மாடலுக்கு. செல்ஃப் ஸ்டார்ட் வேண்டும் என்றால் பேட்டரியையும் சேர்த்துத் தூக்குங்கள்.

கடையில் சொல்ல மாட்டார்கள், அதனால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் 9.9, 15, 20 மூன்றும் பல கம்பெனிகளில் ஒரே கட்டை, அதாவது உள்ளே இருக்கும் இன்ஜின் ஒன்றேதான். சுசுகியில் மூன்றுமே 327 சிசி, தொஹாட்சுவில் மூன்றுமே 333 சிசி. வெளியே ஒட்டியிருக்கும் நம்பர்தான் வேறு, எடை ஒன்றுதான். ஆகவே எடைக்குப் பயந்து 20 வேண்டாம், 9.9 போதும் என்று இறங்கி வந்தால் ஒரு கிலோகூடக் குறையாது, வேகம்தான் குறையும். ஆனால் தொஹாட்சுவில் 9.8 என்று ஒன்று இருக்கிறது, அது 209 சிசி, வேறு சின்னக் கட்டை, சுமார் 37 கிலோ. எச்பியில் 0.1தான் வித்தியாசம், எடையில் 6 கிலோ. ஃபோர் ஸ்ட்ரோக்தான் வேண்டும், தனியாகத் தூக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் 14 அடிப் படகில் மூன்று பேர், ஐஸ் பெட்டி, பெட்ரோல் டாங்கி எல்லாம் ஏறினால் 9.8க்கு மூச்சு வாங்கும், மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டு போகும். ஒன்றிரண்டு பேர் என்றால் பரவாயில்லை.

பெட்ரோல் மிச்சம் ஆகுமே என்பார்கள். ஆகும்தான். பழைய ரக கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் பகுதி) டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றும் பெட்ரோலில் கால் பங்குக்கு மேலேயும் எரியாமலேயே புகையோடு வெளியே போய்விடும். அதனால்தான் அமெரிக்காவில் காற்று மாசு விதிகள் வந்த பிறகு அது புதிதாகக் கிடைப்பதில்லை. யூடியூபில் அமெரிக்கர்கள் எல்லோரும் ஃபோர் ஸ்ட்ரோக் ஃபோர் ஸ்ட்ரோக் என்பதற்கு அதுவும் ஒரு காரணம், அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு இரண்டும் கடையில் இருக்கிறது. முழு வேகத்தில் 15 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் மணிக்கு ஐந்தாறு லிட்டர் குடித்தால் டூ ஸ்ட்ரோக் ஏழெட்டு லிட்டர் குடிக்கும். நீங்கள் மாதம் மூன்று தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் மிச்சம், கூடவே டூ ஸ்ட்ரோக் ஆயில் காசும் மிச்சம் (50க்கு 1 என்று கலந்தால் 24 லிட்டர் டாங்கிக்கு அரை லிட்டர் போகும்). ஃபோர் ஸ்ட்ரோக்குக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தை அதில் திரும்பப் பிடிக்கப் பல வருஷம் ஆகும். தினமும் கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேறு. எனக்கும் உங்களுக்கும் அது வராது. ஃபோர் ஸ்ட்ரோக்கின் நிஜமான சுகம் சத்தம் இல்லாததுதான், மெதுவாக ஓட்டிக்கொண்டு இழுப்புத் தூண்டில் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசலாம், தலைவலி இல்லாமல் வீட்டுக்கு வரலாம். அதற்காக வாங்குகிறேன் என்றால் அது நியாயமான காரணம், நானே ஒப்புக்கொள்வேன்.

கார்புரேட்டரா, பெட்ரோலைத் தானே அளந்து பீய்ச்சும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனா என்பதில் எனக்கே இரண்டு மனசு. உங்களைப் போல எப்போதாவது ஓட்டுபவருக்கு இன்ஜெக்‌ஷன் நல்லது, ஏனென்றால் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் சில வாரத்திலேயே பிசினாகி அதற்குள் இருக்கும் சின்ன ஓட்டையை அடைத்துவிடும். சுசுகி, தொஹாட்சு இரண்டிலும் பேட்டரி இல்லாமல் கயிறு இழுத்தாலே வேலை செய்யும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆனால் நடுக்கடலில் அது நின்றுபோனால் நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, துடுப்பை எடுக்க வேண்டியதுதான். கார்புரேட்டர் என்றால் ஒரு ஸ்பேனர், ஒரு பிளக், வாயால் ஊதினால் பாதி நாள் சரியாகிவிடும். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து அந்தப் பலத்த காற்று வரும்போது, கறுப்புக் கோடு மாதிரி மேற்கே தெரியுமே, அப்போது ஒரே இழுப்பில் எழுந்திருக்கிற இன்ஜின்தான் நல்ல இன்ஜின். அது எந்த ரகமாக இருந்தாலும் சரி. கார்புரேட்டர் வாங்கினால் கரைக்கு வரும் கடைசி நிமிஷத்தில் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், உள்ளே அதிகம் தேங்காது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு படகின் பின்பலகையை, இன்ஜின் தொங்குகிற இடத்தில், மேல் விளிம்பிலிருந்து அடிவரை நேராக அளந்துவிடுங்கள். 15 அங்குலம், அதாவது 38 சென்டி பக்கம் இருந்தால் குட்டை ஷாஃப்ட். 20 அங்குலம், 51 சென்டி என்றால் நீள ஷாஃப்ட். கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். கிப்பாஸுக்கு (தண்ணீரைத் தள்ளும் விசிறி) மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும், அது படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். குட்டையாகப் போனால் அலையில் கிப்பாஸ் காற்றை இழுத்துச் சும்மா சுற்றும், நீளமாகப் போனால் வேகம் போய்விடும், ஆழம் இல்லாத இடத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டு வரும். சேறு உள்ளே போனால் இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரம் தேய்ந்துவிடும், பின்னால் மூத்திரம் மாதிரி தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று கிளம்பியவுடன் பாருங்கள், வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

அதே பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டியும் பாருங்கள். பழைய ஃபைபர் படகுகளில் உள்ளே ஒட்டுப்பலகைதான் இருக்கும். திருகு போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது ஊறிப்போயிருந்தால் டக் டக் என்று கேட்காது, பொத்தென்று கேட்கும். அந்தப் படகில் 52 கிலோவைத் தொங்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, முதலில் பலகையை மாற்றுங்கள். எடை தாங்கினாலும் பின்பக்கம் தாழ்ந்துபோகும், நீங்களும் பின்னால்தானே உட்கார்ந்து ஓட்டப்போகிறீர்கள்.

உதிரிப்பாகம்: உங்கள் ஜெட்டியில் அதிகம் தொங்குவது எதுவோ அதை வாங்குங்கள். எங்கள் பக்கம் யாமஹா டூ ஸ்ட்ரோக் என்றால் மீன்பிடி சாமான் கடையிலேயே பிளக், இம்பெல்லர், கிப்பாஸ் எல்லாம் கிடைக்கும். போலியும் கிடைக்கும், இம்பெல்லரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு கிப்பாஸும் அதை மாட்டும் சின்ன ஆணியும் (பின்) கூடுதலாகப் படகில் இருக்கட்டும். வாரண்டி கார்டில் உள்ளூர் ஏஜெண்ட் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் மாற்றுவதற்கு முன்னால் உங்கள் படகு எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

வந்த பிறகு செய்வது எல்லா ரகத்துக்கும் ஒன்றுதான். முதல் பத்து மணி நேரம் முழு வேகத்துக்கு முறுக்கக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 20 மணி நேரத்தில் முதல் ஆயில் மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் ஓட்டிய ஒவ்வொரு தடவையும் ஒரு நீலத் தோங்கில், அதாவது பெரிய பீப்பாயில், நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் இன்ஜினை மாட்டிப் பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் சரி. பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் கொஞ்சம் குறைவாகத் திட்டுவார்.

கடைசியில் நான் அந்த 20ஐ நஷ்டத்துக்கு விற்றுவிட்டு டூ ஸ்ட்ரோக் 15 வாங்கினேன். இப்போது தனியாகவே தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன், வயசு ஐம்பது தாண்டிவிட்டது, இன்னும் எத்தனை வருஷம் என்று தெரியாது. நீங்கள் காவல் உள்ள இடத்தில் படகு வைத்திருந்து, இன்ஜினைக் கழற்றவே வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜெக்‌ஷன் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 20 வாங்கிவிடுங்கள், 15 வேண்டாம், அதே எடைதான். கழற்றிக் கொண்டுபோவீர்கள், கூட ஆள் இல்லை என்றால் டூ ஸ்ட்ரோக் 15, இல்லை அந்த 9.8.

எதுவானாலும் கடைக்குப் போகும்போது கூட வரும் ஆளையும் கூட்டிப்போய், ஸ்டாண்டிலிருந்து இறக்கச் சொல்லி, கடை வாசலில் இருபது அடியாவது தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். தாவுக்கே, அதாவது கடை முதலாளி, முறைப்பார். முறைக்கட்டும்.