டிவி முன்னால் கையை வீசி ஆடும் டென்னிஸ், உடற்பயிற்சிக் கணக்கில் சேருமா?

கேள்வி இதுதான்: "பையன் நிண்டெண்டோ சுவிட்ச் என்ற வீடியோ கேம் பெட்டியை வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். அதில் இருக்கும் டென்னிஸை எழுந்து நின்று கையை வீசித்தான் ஆட வேண்டுமாம், உடற்பயிற்சியும் ஆச்சு என்கிறான். நம்பலாமா? சின்ன ஹாலில் ஆட முடியுமா?"

பாதி நம்பலாம். அந்தப் பாதியும் எத்தனை நாளைக்கு என்பது, உங்கள் பையன் எவ்வளவு சீக்கிரம் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்கிறான் என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் என் மகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். என் அப்பா கடைசி வரை கண்டுபிடிக்கவே இல்லை. வேர்த்தது அப்பாவுக்குத்தான்.

எங்கள் கதை சுவிட்சுக்கு முந்தைய வீ காலத்தில் தொடங்குகிறது. அதே நிண்டெண்டோ 2006 கடைசியில் கொண்டுவந்த கேம் பெட்டி அது. ஜப்பான் தவிரப் பெரும்பாலான நாடுகளில் வீ ஸ்போர்ட்ஸ் என்ற கேமைப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார்கள். டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், பாக்ஸிங் என்று ஐந்து ஆட்டம். என் மச்சான் 2009-ல் நியூ ஜெர்சியிலிருந்து வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் திருச்சி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் வாங்கிய பெட்டி, அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நான் பின்னைப் பார்த்தேனே தவிர, அடாப்டர் மேல் அச்சடித்திருந்ததைப் பார்க்கவில்லை. மாற்று பிளக் ஒன்றைச் செருகி நம் ஊர் 230 வோல்ட்டில் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. முதல் நாள் ஆட்டம் அத்தோடு முடிந்தது. தப்பு முழுக்க என்னுடையது. பழைய வீயை யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் முதலில் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். சுவிட்சுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்.

அடாப்டர் மாற்றி மறுபடி ஆரம்பித்தபோது அப்பாவும் ஈசி சேரிலிருந்து எழுந்து வந்தார். அவர் இளம் வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் பூப்பந்து ஆடியவர். மஞ்சள் கம்பளி நூல் பந்து, ஆளுக்கொரு மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சையில் பிறந்த ஆட்டம் என்று அதற்காக இன்றைக்கும் பெருமை பேசுவார். ரிமோட்டைக் கையில் கொடுத்ததும் காலை அகட்டி, இடுப்பை வளைத்து நின்றார் பாருங்கள், எனக்கே அப்படியொரு அப்பாவை அதுவரை தெரியாது.

ஆனால் வலப்பக்கம் வந்து அவர் அடித்த பந்து ஒன்றுவிடாமல் இடது பக்கமாகவே போய் வெளியே விழுந்தது. எனக்குக் காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. பூப்பந்தில் பந்து தரையில் விழவே கூடாது, வந்த வேகத்திலேயே எடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் கையிலேயே ஊறியிருந்தது. டென்னிஸிலோ பந்து ஒருமுறை தரையில் குத்தி எழுந்த பிறகும் அடிக்கலாம். இந்தக் கேமில் பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது எப்போது வீசுகிறோம் என்பதுதான். வலது கைக்காரருக்கு வலப்பக்கம் வரும் பந்தை முந்தி வீசினால் இடது பக்கம் போகும், பிந்தி வீசினால் வலது பக்கம். இடப்பக்கம் வந்தால் இது அப்படியே தலைகீழ். அப்பா ஒவ்வொரு பந்துக்கும் முந்திக்கொண்டிருந்தார்.

இதை என் மகள் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இரண்டாம் நாள் சாயங்காலம் பார்க்கிறேன், சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் முறுக்கு, இன்னொரு கையில் ரிமோட். மணிக்கட்டை லேசாக ஒரு சுண்டு சுண்டுவாள். பந்து போய்க் கோட்டோரம் விழும். எதிரே தாத்தா ஹால் முழுக்கத் தாவிக்கொண்டிருக்கிறார்.

"தாத்தா, அவ்வளவு பலமா வீச வேணாம். மணிக்கட்டை மட்டும் ஆட்டுங்க."

"அதுக்குப் பேர் ஆட்டமா பாப்பா? ஈ ஓட்டுற மாதிரி இருக்கு."

பாப்பா சொன்னதுதான் சரி. வீ ரிமோட்டுக்குள் இருப்பது முடுக்கத்தை அளக்கும் ஒரு சின்னச் சில்லு. புவியீர்ப்பின் ஏறக்குறைய 3 மடங்கு வரைதான் அதற்கு அளக்கத் தெரியும். மணிக்கட்டைச் சுண்டினாலே கிட்டத்தட்ட அங்கே போய்விடலாம். அதற்கு மேல் நீங்கள் தோளோடு சேர்த்து வீசினாலும், உடம்பையே சுழற்றி வீசினாலும், அதற்கு எல்லாம் ஒன்றுதான். ரிமோட் எப்படித் திரும்புகிறது என்று பார்க்கும் ஜைரோவும் முதலில் அதில் கிடையாது. 2009-ல் மோஷன் பிளஸ் என்று தனியாக ஒரு துண்டை ரிமோட்டின் அடியில் செருகும்படி விற்றார்கள். அதுவும் வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸுக்கு உதவாது, அதற்கென்று எழுதிய புது கேம்களுக்குத்தான். சுவிட்சோடு வரும் ஜாய்கான் என்ற ரிமோட்டில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. இருந்தாலும் மணிக்கட்டு வித்தை அதிலும் செல்லுபடியாகிறது, நானே ஆடிப் பார்த்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம் கால். டென்னிஸில் பாதி ஆட்டம் காலில்தான் இருக்கிறது. இந்தக் கேமில் ஓடுவது திரையில் இருக்கும் பொம்மை. பந்து விழும் இடத்துக்கு அதுவே போய் நின்றுகொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது சரியான நொடியில் வீசுவது ஒன்றுதான். யோசித்துப் பார்த்தால் இது புதிதும் இல்லை. 1958-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர், பார்வையாளர்களுக்கு வேடிக்கை காட்ட, மின் அலைகளைக் காட்டும் ஆசிலோஸ்கோப் என்ற கருவியின் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்து வைத்தார். கையில் ஒரு திருகும் ஒரு பட்டனும். திருகு கோணத்துக்கு, பட்டன் அடிப்பதற்கு. எப்போது பட்டனை அமுக்குகிறாய் என்பதுதான் அங்கேயும் ஆட்டம். பட்டன் இருந்த இடத்தில் இப்போது நம் கை வந்திருக்கிறது, அவ்வளவே.

இனி உடற்பயிற்சிக்கு வருகிறேன். 2007-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் இங்கிலாந்தின் லிவர்பூல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 13 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 11 பேர். உட்கார்ந்து ஆடும் கேமைவிட வீ ஸ்போர்ட்ஸில் குறைந்தது 51 சதவீதம் அதிக சக்தி செலவானது. ஆனால் அந்த விளையாட்டுகளை நிஜமாக ஆடும்போது ஆகும் செலவுக்கு அது கிட்டக்கூட வரவில்லை. பதினோரு பேர் சின்னக் கணக்குதான், ஆனாலும் எங்கள் ஹாலில் நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. என் மகளின் முறுக்கை அவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள், அது வேறு.

வேர்க்கவில்லை என்பதற்காக உடம்பு வலிக்காது என்று நினைக்காதீர்கள். அதே 2007-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தது. 29 வயது மருத்துவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வலது தோளில் கடும் வலியோடு எழுந்திருக்கிறார். பார்த்தால், மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடியிருக்கிறார். தசைநாண் வீக்கம். 'வீயைட்டிஸ்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தக் கடிதம் சொல்லும் காரணம் யோசிக்க வைத்தது: நிஜ விளையாட்டில் மூச்சு வாங்கி நாமே நிறுத்திவிடுவோம். இதில் மூச்சு வாங்காது, அதனால் நிறுத்தத் தோன்றாது. அப்பாவுக்கும் ஒரு வாரம் தோளில் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது.

கயிறு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டின் முனையில் மணிக்கட்டில் மாட்டும் கயிறு இருக்கும். அதைப் போடாமல் யாரையும் ஆட விடாதீர்கள். வீ வந்த புதிதில் கயிறு அறுந்து ரிமோட் பறந்து டிவியில் மோதிய கதைகள் நிறைய. 2006 டிசம்பரிலேயே நிண்டெண்டோ ஏறக்குறைய 32 லட்சம் கயிறுகளைத் தடிமனானதாக மாற்றித் தர முன்வந்தது. அடுத்த வருஷம் ரிமோட்டுக்கு சிலிகான் உறையும் கொடுத்தார்கள். அந்த உறை எங்கள் ரிமோட்டை எப்படிக் காப்பாற்றியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிவிக்கு அடியில் வைக்கும் சென்சார் பார் பற்றி ஒரு வேடிக்கை. பெயர்தான் சென்சார், அது எதையும் உணராது. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டு புள்ளிகளைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. ஒருநாள் அதன் ஒயரை எலி கடித்துவிட்டது. மெனுவில் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. மச்சானிடம் போனில் கேட்டால், "ரெண்டு மெழுகுவத்தி ஏத்தி வைங்க" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். மெழுகுவத்தி இல்லை, பூஜை அலமாரியில் அகல் விளக்குகள் இருந்தன. டிவிக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் இரண்டை ஏற்றி வைத்தோம். திரையில் கை அடையாளம் வந்து நின்றது! திரி நடுங்க நடுங்க அதுவும் நடுங்கியது. ஆட்டம் தொடங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டோம், டென்னிஸ் வழக்கம்போல நடந்தது. வீசுவதற்கு அந்த பார் தேவையே இல்லை, மெனுவுக்கு மட்டும்தான். அம்மா மட்டும் "விளக்குக்கு முன்னால குதிக்காதீங்கடா" என்று சமையலறையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஜாய்கானுக்கு பாரும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

பழைய படக்குழாய் டிவியை மாற்றி எல்இடி வாங்கியபோது இன்னொரு பாடம். திடீரென்று மகளே தோற்க ஆரம்பித்தாள். வலப்பக்கம் வந்த பந்தெல்லாம் பிந்திப் போய் வலது பக்கமே விழுந்தது. புது டிவிகள் படத்தை மெருகேற்றிவிட்டுக் காட்டும், அதில் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகும். சீரியல் பார்க்கத் தெரியாது, இந்த ஆட்டத்தில் தெரியும். டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதைப் போட்டதும் சரியானது. ஆனால் அந்த ஒரு வாரம் அப்பா மகிழ்ச்சியின் உச்சத்தில் இருந்தார். முந்தி வீசும் அவருக்கு டிவி தாமதித்தது வாகாகப் போய்விட்டது. 'கேம் மோட்' போட்டதைப் பற்றி அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

பேத்தியிடம் தோற்பதை அவர் எப்படிச் சமாதானம் செய்துகொண்டார் என்பதும் அழகுதான். "ராமநாதன் கிருஷ்ணன் தெரியுமா? 1960, 61 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி போனவர். அவரும் பலத்தை நம்பி ஆடினவர் இல்ல, தொட்டுத் தொட்டு வைப்பார். பாப்பா ஆடுறது அந்த மாதிரி" என்றார் ஒருநாள். ஈ ஓட்டுவது கிருஷ்ணன் பாணியாக உயர்ந்துவிட்டது.

2022 ஏப்ரலில் சுவிட்சுக்கான சுவிட்ச் ஸ்போர்ட்ஸ் என்ற கேம் வந்தபோது மகள் வேலைக்குப் போயிருந்தாள், அவளே வாங்கினாள். அதில் டென்னிஸோடு பேட்மின்டனும் இருக்கிறது. வாங்கினால் அதை முதலில் ஆடுங்கள். ஒருவருக்கு ஒருவர் ஆட்டம், மூச்சு விட நேரம் இருக்காது. டென்னிஸில் எப்போதும் இரட்டையர்தான், நீங்கள் ஒரே ஆள் ஆடினாலும் முன்னால் ஒரு பொம்மை, பின்னால் ஒரு பொம்மை. முன்னவன் தவறவிட்டால் தலையில் கை வைக்காதீர்கள், உடனே மறுபடி வீசுங்கள், பின்னவன் எடுப்பான். இது தெரியாமல் நான் எத்தனையோ பாயிண்ட் விட்டிருக்கிறேன்.

ஹால் அளவு கேட்டிருந்தீர்கள். இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எதிலும் படவில்லை என்றால் ஒருவருக்குப் போதும். இருவர் ஆட, நடுவில் இன்னும் ஒரு கை நீளம். டீப்பாயை நகர்த்திவிடுங்கள். அப்புறம் மேலே பாருங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அப்பா ஆறடி. சர்வீஸ் போட முதலில் பந்தைத் தூக்கிப் போடுவதுபோல ரிமோட்டை மேலே தூக்க வேண்டும். பந்து உச்சிக்குப் போகும்போது சரியாக அடித்தால் அம்பு மாதிரிப் போகும். அந்த உச்சியில் எங்கள் வீட்டு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உறை போட்டிருந்ததால் ரிமோட் பிழைத்தது, அப்பாவின் விரல்களும் பிழைத்தன. ஃபேன் இறக்கைதான் வளைந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டென்னிஸ் என்றால் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான். மே மாதத் திருச்சியில் ஃபேன் இல்லாமல் நின்றாலே பாதி உடற்பயிற்சி ஆகிவிடும் என்பதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து ஏணியில் ஏறி, இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஃபேனுக்குக் கடைசியா எப்ப சார் சர்வீஸ் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலம்தான்" என்றார் அப்பா.