பையை பெல்ட்டில் வைக்கும் முன்: ரயில் நிலையச் சோதனை பற்றி வாசகர் கேள்விகள்

தீபாவளி, சபரிமலை, பொங்கல் என்று கூட்டம் தொடங்கும்போதெல்லாம் இந்த விஷயத்தில் கடிதங்கள் குவியும். எந்த நிலையம், எந்த வாசல், பையில் என்ன இருந்தது என்று எழுதாமல் "இது நியாயமா?" என்று மட்டும் கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் இல்லை.

சிவகாசியில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். வெடி எதுவும் இல்லை, மத்தாப்பும் புஸ்வாணமும்தான். சூட்கேஸில் துணிக்கு நடுவே வைத்தால் ஸ்கேனரில் தெரியுமா? மாட்டினாலும் அபராதம் ஆயிரம் ரூபாய்தானே? (கோவை வாசகர்)

தெரியும். துணி திரையில் வெளிர் ஆரஞ்சாக, கிட்டத்தட்ட இல்லாததுபோலத் தெரியும். அதற்கு நடுவே மத்தாப்புக் கம்பிகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். புதிதாக வேலைக்கு வந்தவருக்கே அது கண்ணில் படும். தெரியாமல் போனாலும் கொண்டுபோகக் கூடாது. கம்பி மத்தாப்பானாலும் சரம் ஆனாலும் ரயில்வே சட்டத்துக்கு ஒன்றுதான். 164-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏதாவது சேதமானால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஆயிரம் ரூபாய்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் முதலில் இருப்பது சிறை. பட்டாசை உங்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து மூன்று கிலோ அல்வா கொண்டுவந்தேன். பையைத் திறந்து, பொட்டலத்தையும் பிரிக்கச் சொன்னார்கள். அல்வாவில் என்ன ஆபத்து? (தாம்பரம்)

ஆபத்து இல்லை, தோற்றம்தான் பிரச்சினை. ஸ்கேனர் பொருளின் அடர்த்தியையும் அது எந்த வகை என்பதையும் வைத்து நிறம் போடும். உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக், வெடிபொருள் எல்லாம் ஆரஞ்சு. அலுமினியம் போன்றவையும் கலவையான பொருள்களும் பச்சை. இரும்பு, பித்தளை நீலம். கதிர் ஊடுருவ முடியாத கனம் என்றால் கறுப்பு. மூன்று கிலோ அல்வா ஒரே கட்டியாக, அடர் ஆரஞ்சில், நேரான விளிம்போடு தெரியும். பிளாஸ்டிக் வெடிமருந்தும் திரையில் அப்படித்தான். கருப்பட்டி, பால்கோவா, மொத்தமாகக் கட்டிய சோப்பு எல்லாவற்றுக்கும் இதே கதி. அதன்மேல் சார்ஜர் வயரும் சுருண்டு கிடந்தால் கண்டிப்பாகத் திறக்கச் சொல்வார்கள். அரைக் கிலோ பொட்டலங்களாக வாங்கி, பையின் மேல்பக்கம் வைத்து, வயரைப் பையின் வேறு அறையில் போடுங்கள்.

பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் அண்டா, கிரைண்டர் கல் கொண்டுபோகிறவர்களும் இதைப் படித்துக்கொள்ளலாம். விளக்கின் தண்டும் பாதமும் கறுப்பாகத்தான் தெரியும். கறுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரை சொல்லாது. அடியில் புதைத்தால் முழுப் பையையும் கொட்ட வேண்டிவரும். தனிப் பையில் வையுங்கள்.

தண்ணீர் பாட்டில், குழந்தையின் பால், ரசம் எல்லாம் 100 மில்லிக்குள் இருக்க வேண்டுமா?

வேண்டாம். அது விமானத்துக்கான விதி.

சென்ட்ரலில் மெட்டல் டிடெக்டர் வாசல் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே இருக்கிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏர்போர்ட் மாதிரி ஒவ்வொருவரையும் ஏன் சோதிப்பதில்லை? இது கண்துடைப்புதானே? (பெரம்பூர், ஆவடி, வேலூர் என்று பல ஊர்களிலிருந்து)

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. கேட்பவர்களில் ஒருவராவது கணக்குப் போட்டுப் பார்த்ததாகவும் தெரியவில்லை. சேர்ந்தே போடுவோம்.

22 பெட்டி ரயிலில் சுமார் 1,400 பேர். ஆளுக்கு இரண்டு பை என்றால் கிட்டத்தட்ட 3,000 பை. ஸ்கேனர் பெல்ட் விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும், அதாவது நிமிடத்துக்கு 12 மீட்டர். பைக்கும் இடைவெளிக்கும் சேர்த்து ஒரு மீட்டர் வைத்தால் நிமிடத்துக்கு 12 பை, மணிக்கு 700. இது காகிதக் கணக்கு. சந்தேகத்துக்குப் பெல்ட்டை நிறுத்துவது, பின்னால் ஓட்டிப் பார்ப்பது, திறப்பது எல்லாம் சேர்ந்தால் 500 தாண்டினாலே பெரிது. ஒரு ரயிலுக்கு ஒரு மெஷின் ஆறு மணி நேரம் ஓட வேண்டும். சென்ட்ரலில் இரவு ஏழு மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவே மட்டும் பத்து ரயிலைச் சுற்றிப் புறப்படுகின்றன. மெஷினை விடுங்கள், அந்தக் கியூவை எங்கே நிறுத்துவீர்கள்? வாசலுக்கு வெளியே நெருக்கியடித்து நிற்கும் இரண்டாயிரம் பேர் தாங்களே ஓர் இலக்குதான்.

இனி அந்த பீப். வாசலின் இரண்டு பக்கப் பலகையிலும் கம்பிச்சுருள் இருக்கிறது. காந்தப்புலத் துடிப்பு ஒன்று போய், உலோகத்தில் பட்டுத் திரும்பும் மாற்றத்தை அது பிடிக்கிறது. அதற்குப் போனும் ஒன்றுதான், கத்தியும் ஒன்றுதான். சாவி, பெல்ட் பக்கிள், டிபன் கேரியர், ட்ராலியின் கைப்பிடிக் கம்பி எல்லாவற்றுக்கும் கத்தும். எதையும் எடுத்து வைக்காமல் நூறு பேர் நடந்தால் தொண்ணூறு பேருக்காவது கத்தும். போனுக்குக் கத்தாத அளவுக்கு உணர்திறனைக் குறைத்தால் சின்னக் கத்தியும் நழுவிவிடும். வாசலை இரும்புத் தடுப்புக்கு ஒட்டி வைத்தாலோ, பக்கத்தில் பார்சல் வண்டி உருண்டாலோ, தரை அதிர்ந்தாலோ ஆளே இல்லாமலும் கத்தும். தடுப்பிலிருந்து அரை மீட்டராவது தள்ளி, ஆடாத தரையில் வைக்க வேண்டும். இதைப் பல நிலையங்களில் கவனிப்பதில்லை. அந்த விஷயத்தில் உங்கள் கோபம் சரி.

வாசலால் உண்மையில் பயன் வர வேண்டுமானால் அதற்குப் பின்னால் கையடக்க டிடெக்டரோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். ஒருவரைச் சரியாகத் தடவிப் பார்க்க 10 முதல் 15 விநாடி, ஆக நிமிடத்துக்கு நாலைந்து பேர்தான். அதனால்தான் எல்லோரையும் பார்க்காமல் சிலரைப் பொறுக்குகிறார்கள். பையின் கனத்துக்கும் ஆளின் நடைக்கும் பொருத்தமில்லாதவர், கியூவில் நின்றுவிட்டு ஸ்கேனரைக் கண்டதும் திரும்புகிறவர், ஒரே மாதிரி நான்கு பைகளைச் சுமக்கிறவர். பீப் காவலர்களுக்கு உதவும் பல குறிப்புகளில் ஒன்று. கூட்டம் குறைந்த நேரத்தில் அதிகம் பேரைப் பார்ப்பார்கள், கூடிய நேரத்தில் குறைவு.

இன்னொன்று: ரயில் நிலையத்துக்கு ஒரே வாசல் கிடையாது. புறநகர்ப் பக்கம், மெட்ரோ சுரங்கப்பாதை, பார்சல் வழி என்று பல. எல்லாவற்றையும் அடைத்தாலும், ஸ்கேனரே இல்லாத வழியோர நிலையத்தில் ஏறிய பை ரயிலோடு உள்ளே வந்து நிற்கும். 2014 மே 1 காலையில் சென்ட்ரலில் குண்டு வெடித்து ஓர் இளம்பெண் இறந்தாரே, அது பெங்களூரிலிருந்து வந்து நின்ற குவாஹாட்டி எக்ஸ்பிரஸின் பெட்டிகளுக்குள். பெட்டியோடு வரும் பையை வாசலில் இருக்கும் எந்த ஸ்கேனரும் பார்க்காது. சீட்டுக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் பையைப் பற்றி ரயில்வே உதவி எண் 139-க்குச் சொல்லும் பயணிதான் அங்கே சோதனையாளர். கண்துடைப்பு என்று எழுதிய அத்தனை பேரில் அந்த எண்ணைக் குறிப்பிட்டவர் யாருமில்லை.

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. வாசல் வழியாகப் போகலாமா?

நிற்காமல், சாய்ந்துகொள்ளாமல், சாதாரண நடையில் கடந்தால் போதும். கையடக்க டிடெக்டரை மார்புக்கு நேரே பிடித்து வைக்கத்தான் விடக் கூடாது. பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்லுங்கள். இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி ஸ்கேனர் பெல்ட்டில் போட வேண்டாம், கையில் கொடுத்துக் காட்டுங்கள். ஊசி, இன்சுலின் குப்பி தாராளமாகப் போகலாம்.

ஆறு மாதக் கர்ப்பிணி நான். ஸ்கேனர் அருகே நின்றால் குழந்தைக்குக் கதிர்வீச்சு படுமா? (சேலம்)

நீங்கள் நடக்கும் வாசலில் எக்ஸ்ரேயே கிடையாது, காந்தப்புலம் மட்டும்தான். எக்ஸ்ரே பைக்கான பெட்டிக்குள் இருக்கிறது. வெளியே கசிவதற்கு அனுமதித்த உச்ச அளவையே எடுத்துக்கொண்டாலும், அரை நிமிடம் அருகில் நிற்பதால் வருவது மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு ஒரு நாளில் இயற்கையாகக் கிடைப்பதில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. பை சிக்கிக்கொண்டால் ஈயத் திரையை விலக்கிக் கையை உள்ளே விடாதீர்கள். அந்தத் தொங்கும் பட்டைகள்தான் கதிரை உள்ளே நிறுத்துகின்றன. குழந்தைகளைப் பெல்ட் பக்கம் விடவே விடாதீர்கள். 2018-இல் சீனாவின் டோங்குவான் நிலையத்தில் ஒரு பெண் கைப்பையைப் பிரிய மனமில்லாமல் தானும் பெல்ட்டில் ஏறி மறுபக்கம் வந்தார். திரையில் எலும்பும் ஹை ஹீல்ஸும் தெரிந்தன.

லேப்டாப், பென் டிரைவ், ஃபிலிம் ரோல்?

முதல் இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. ஃபிலிம் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 400 வரை சில முறை போய் வரலாம். 800-உம் அதற்கு மேலும் என்றால் கையில் கொடுங்கள்.

வீடு மாறுகிறோம். காஸ் சிலிண்டர் காலியாகத்தான் இருக்கிறது. ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டேன். கொண்டுபோகலாமா? (மதுரை)

மதுரையிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் வருத்தம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் நிறுத்திவைத்திருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில் கோயிலாக வந்தவர்கள். பெட்டிக்குள் திருட்டுத்தனமாக வைத்திருந்த சிலிண்டரில் டீ போட்டதில் பிடித்த தீ.

காலி சிலிண்டரும் சிலிண்டர்தான். காலி என்று நாம் சொல்வதில் கொஞ்சம் வாயு மிச்சம் இருந்தே தீரும். ரயில்வே விதியும் காலி, நிறைந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, புது ஊரில் மறுபடி இணைப்பு எடுங்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ், பைக்கிலிருந்து எடுத்த பெட்ரோல் கேன், ஆசிட் பாட்டில் எல்லாவற்றுக்கும் இதே பதில். காலியானாலும் இதே பதில்.

அம்மா ஆக்சிஜனில் இருக்கிறார். அந்தச் சிலிண்டருமா?

அது விதிவிலக்கு. மருத்துவர் சான்று கையில் இருக்கட்டும், உருளாதபடி தாங்கியோடு கொண்டுபோங்கள். பக்கத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

அரிவாள்மனையை மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். பிடுங்கிவிடுவார்களா? (திருச்சி)

வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் உள்ள கத்திகளை ஆயுத விதிகள் விட்டுவிடுகின்றன. மற்றபடி 9 அங்குலத்தைத் தாண்டிய அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான கத்திக்குத்தான் வம்பு. வெட்டும் பக்கத்தில் அட்டை வைத்து, காகிதம் சுற்றி, கயிறு கட்டி, பைக்குள் படுக்க வையுங்கள். புதிதாக வாங்கியது என்றால் பில் இருக்கட்டும். கேட்டால் சொல்லிக் காட்டுங்கள், மழுப்பினால்தான் சந்தேகம் வரும். நிலையத்துக்கு மெட்ரோவில் போவதாக இருந்தால் திட்டத்தை மாற்றுங்கள், அங்கே கண்டிப்பு அதிகம். ஆட்டோ பிடியுங்கள்.

இருமுடியை ஸ்கேனரில் போடச் சொன்னால் என்ன செய்வது?

நெய்த்தேங்காய்க்கும் அரிசிக்கும் ஒன்றும் ஆகாது. திரையில் உருண்டையான ஓர் ஆரஞ்சுப் பந்து தெரியும், அவ்வளவுதான். பெல்ட்டில் வைக்க மனமில்லை என்றால் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். முடிவு அங்கே நிற்பவருடையது, அவரோடு சண்டை வேண்டாம், சாமி. ஆனால் ரயில் பெட்டிக்குள் கற்பூரம் ஏற்றுவது, சாம்பிராணி போடுவது வேண்டவே வேண்டாம். அதுவும் ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில்தான் வரும்.

என் பையைத் திறக்கச் சொல்ல ஆர்பிஎஃப்புக்கு (ரயில்வே பாதுகாப்புப் படை) என்ன அதிகாரம்?

ஆபத்தான பொருள் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் மூட்டையைத் திறந்து பார்க்க ரயில்வே சட்டத்தின் 67-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் கையாலேயே திறந்து, நீங்களே எடுத்துக் காட்டுங்கள். பெண்களைப் பெண் காவலர்தான் தொட்டுச் சோதிக்க வேண்டும், அதுவும் மறைப்புக்குள். பெண் காவலர் இல்லையென்றால் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லலாம். மீறினால் 139, அல்லது தமிழக ரயில்வே போலீஸின் 1512.

நகை வாங்க 3 லட்சம் ரொக்கம் கொண்டுபோனால்?

கொண்டுபோவதே குற்றம் இல்லை. வங்கியில் எடுத்த சீட்டு, நிலம் விற்ற பத்திரம் என்று ஏதாவது கையில் இருக்க வேண்டும். ஸ்கேனரில் நோட்டுக்கட்டு செங்கல் மாதிரி துல்லியமாகத் தெரியும். தேர்தல் காலத்தில் ஆவணமில்லாமல் 50,000-க்கு மேல் இருந்தால் பறிமுதல் செய்வார்கள். 2024 ஏப்ரலில் தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் பிடித்தது சுமார் 4 கோடி.

மோப்ப நாய் என் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லையே, அப்படியானால் ஒன்றுமில்லைதானே?

நேர்மாறு. வெடிபொருள் தேடும் நாயை உட்காரத்தான் பழக்குகிறார்கள், குரைக்கவோ பிராண்டவோ விடமாட்டார்கள். அசையாமல் நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். தடவிக்கொடுக்காதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள்.

ஸ்கேனரில் போட்ட கைப்பை மறுபக்கம் வரவேயில்லை. யார் பொறுப்பு? (ஈரோடு)

பை வந்திருக்கும், வேறு யாரோ எடுத்திருப்பார்கள். பெல்ட்டின் வெளிமுனைதான் திருடனுக்குப் பிடித்த இடம். முதலில் கைப்பையைப் போட்டுவிட்டு, பெரிய பெட்டியைத் தூக்கக் குனிந்திருப்பீர்கள். பெரியதை முதலில் போடுங்கள். கைப்பையைக் கடைசியில், அதுவும் வாசலைக் கடக்க உங்கள் முறை வந்த பிறகு. இரண்டு பேராகப் போனால் ஒருவர் முன்பே மறுபக்கம் போய் நிற்கட்டும். பணம், நகை, போனைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பலாம், தனியாகத் தட்டில் வேண்டாம். இனி நீங்கள் செய்ய வேண்டியது: அதே நிலைய ரயில்வே போலீஸில் எழுத்தில் புகார், நாளும் மணியும் நிமிடமும் சேர்த்து. கேமரா பதிவை அந்த நேரத்தை வைத்துத்தான் தேடுவார்கள். "சாயந்திரம் வாக்கில்" என்று எழுதினால் யாராலும் தேட முடியாது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றால் ஓடும் ரயிலிலேயே 139-இல் பதிந்துவிடுங்கள், ஊர் போய்ச் சேரும்வரை காத்திருக்காதீர்கள்.