கேக்குக்கு இடம் இருந்தது, அத்தைக்கு இல்லையா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகனின் ஏழாவது பிறந்தநாள் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை என்பதால், கொண்டாட்டத்தை ஞாயிற்றுக்கு மாற்றி, வேன் எடுத்துக் குடும்பத்தோடு போனோம். மாமியார் ஒரு வாரமாகப் பேரனுக்கு 'உயிர் காலேஜ்' கதையெல்லாம் சொன்னார். ஆனால் அவருக்கு மூட்டு வலி, நடக்க முடியாது, வேனிலும் இடமில்லை. அவரே "நான் எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். விடியற்காலையில் எல்லோருக்கும் புளியோதரை கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கேக் சாயாமல் இருக்க ஒரு சீட்டை அதற்கே விட்டு, பத்திரமாகக் கொண்டுபோனோம். திண்டிவனத்தில் ஏறிய நாத்தனார், "அம்மா எங்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறந்தநாளே கெட்டுப்போனது. இப்படிப்பட்டவரை இனி விசேஷங்களுக்குக் கூப்பிடத்தான் வேண்டுமா?

பதில்: நாத்தனார் விஷயம் அப்புறம். முதலில் அந்தக் கேக் சீட்டுக்கு வருவோம்.

வேனில் இடமில்லை என்று எழுதினீர்கள். கொஞ்சம் தள்ளி, கேக்குக்கு ஒரு சீட் விட்டோம் என்றும் எழுதினீர்கள். அந்த இரண்டையும் எழுதிய கை நடுவில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லையா? கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள அந்த வேனில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. வீட்டுக்குப் பெரியவரை மட்டும் வாசலில் நின்று கையாட்ட வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

மூட்டு வலி என்கிறீர்கள், சரி. ஒரு வேன் ஆட்களுக்குப் புளியோதரை என்றால் சும்மா இல்லை. புளிக்காய்ச்சலை முந்தின நாளே வைத்திருப்பார். விடிகாலையில் சோறு வடித்து, தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, பருக்கை உடையாமல் கிளறி, பொட்டலம் கட்ட வேண்டும். அவ்வளவு நேரமும் அடுப்படியில் நின்ற அந்தக் கால் வலிக்கவில்லையா? அப்போது யாருக்கும் ஞாபகம் வராத மூட்டு வலி, வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கிறது.

வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர். திடமான ஆளே மத்தியானத்துக்குள் ஓய்ந்துபோவார். அதற்காகத்தான் அங்கே பேட்டரி வண்டி விட்டிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி உட்கார வைத்தால் நடக்காமலே சுற்றிப் பார்த்திருப்பார். பூங்காவுக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று விசாரித்த உங்களுக்கு, இதை விசாரிக்கத் தோன்றவில்லை.

உயிர் காலேஜ் கதையைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். 1855-ல் சென்னையில் தொடங்கிய மிருகக்காட்சி சாலைதான் வண்டலூரில் இருப்பது. சென்ட்ரல் பக்கம், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த காலத்தில் ஜனங்கள் அதை உயிர் காலேஜ் என்பார்கள். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். 1985-ல்தான் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. அந்தப் பழைய இடத்தைப் பற்றி ஒரு வாரம் வாய் ஓயாமல் பேரனிடம் பேசியவருக்குப் புது இடத்தைப் பார்க்க ஆசை இருக்காதா?

"அவரே வேண்டாம் என்றார்" என்பதை நான் ஏற்கமாட்டேன். இந்தப் பத்திக்கு வருகிற கடிதங்களில் பாதி இந்த வரியில்தான் ஒளிந்துகொள்கின்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் முதல் தடவை கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களா? இரண்டாம் தடவை கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பார்கள். நீங்கள் கூப்பிடவில்லை. உங்கள் கணவரும் கூப்பிடவில்லை. கடிதம் முழுக்க அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெற்ற தாய் அவருக்குத்தானே? "அம்மா, நீ வராம வண்டி கிளம்பாது" என்று சொல்ல வேண்டிய வாய் அவருடையது. மருமகள் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மகன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஏழு வயதுப் பையனுக்கு எல்லாம் புரியும். பாட்டி கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்றபடி, பாட்டி வரக் கூடாத இடத்துக்குப் போனோம் என்பதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மறுபடி வண்டலூருக்கே போங்கள். பக்கத்தில் ஊசுட்டேரி, பிச்சாவரம் என்று சுருக்கமாக முடிக்கப் பார்க்காதீர்கள். பிச்சாவரத்துப் படகில் ஏறி இறங்க அவர் முழங்கால் இடம் கொடுக்காது. ரயிலும் வேண்டாம், படிக்கட்டுத் தொல்லை. வார நாளில், செவ்வாயை விட்டுவிட்டு, ஒரு கார் எடுங்கள். காலை நீட்டி உட்கார முன் சீட்டை அவருக்குக் கொடுங்கள். திண்டிவனத்திலும் மதுராந்தகத்திலும் நிறுத்தி, இறங்கி நாலு அடி நடக்க விடுங்கள். பூங்காவுக்குள் போனதும் முதல் வேலை பேட்டரி வண்டி டிக்கெட். கூப்பிட வேண்டியது உங்கள் கணவர். மாமியார் வேண்டாம் என்றுதான் சொல்வார். மறுநாளும் கேட்கச் சொல்லுங்கள்.

நாத்தனாரைக் கூப்பிடலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் கூப்பிடுங்கள். அந்த வேனில் அம்மாவைத் தேடியவர் அவர் ஒருத்திதான். திண்டிவனத்தில் அவர் ஏறுகிற இடத்தில் காரை நிறுத்தி, அம்மா பக்கத்துக் கண்ணாடியை இறக்கி விடுங்கள்.