மாசி மாச மாடித்தோட்டமும் வீட்டு ஐஸ்கிரீமும்: கேளுங்க, சொல்றேன்

திருச்சியிலிருந்து: அக்கா, இப்ப மாடியில என்ன போடலாம்? போன வருஷம் தக்காளி வச்சு பூவெல்லாம் கொட்டிப்போச்சு.

பதில்: தக்காளிய இப்போதைக்கு விட்டுடுங்க தம்பி, வெயில் 35 டிகிரி தாண்டிட்டா பூ நிக்காது, உங்க கைராசியில ஒண்ணும் குறை இல்ல. வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பீர்க்கு, கிர்ணி இதெல்லாம் வெயிலுக்குப் பொறந்ததுங்க. வெண்டை விதைய ராத்திரி ஊறவச்சு நேரா பையிலயே ஊனிடுங்க, நாத்து விட்டு பிடுங்கி வச்சா வேர் அடிபட்டு சுணங்கிடும். சுமார் 45 நாள்ல பறிக்க ஆரம்பிக்கலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் பிஞ்சா பறிச்சுக்கிட்டே இருங்க, முத்த விட்டா செடி காய்க்கிறத குறைச்சுக்கும்.

தாம்பரத்திலிருந்து: வெள்ளரிப் பிஞ்சு மஞ்சளாகி விழுதே அக்கா, உரம் பத்தலையா?

பதில்: உரம் இல்லம்மா, மகரந்தம் சேரல. மாடிக்கு தேனீ வர்றது கம்மி. பூவுக்கு அடியில குட்டிப் பிஞ்சு இருந்தா பெண் பூ, வெறும் காம்பு மட்டும்னா ஆண் பூ. காலைல பூ விரிஞ்ச உடனே ஆண் பூவ பறிச்சு இதழ உரிச்சுட்டு பெண் பூ நடுவுல மெதுவா தடவி விடுங்க. மொதல்ல ஆண் பூவா மட்டும் வந்தா பயப்படாதீங்க, கொடி அப்படித்தான்.

மதுரையிலிருந்து: மத்தியானம் இலை வாடுது, அப்பவும் ஊத்தணுமா?

பதில்: வேணாம். விரல விட்டுப் பாருங்க, உள்ள ஈரம் இருந்தா சாயங்காலம் தானா நிமிந்துடும். மண்ணு மேல காஞ்ச சருகு போடுங்க, 50 சதவீத நிழல்வலை கட்டுங்க.

கோவையிலிருந்து: மெஷின் இல்லாம மாம்பழ ஐஸ்கிரீம் பண்ணா நறநறன்னு ஐஸ் கடிக்குதுக்கா.

பதில்: இதான் எல்லாரும் கேக்கறது, எனக்கும் ரொம்பப் பிடிச்ச விஷயம். ஐஸா உறையிறது பழத்துலயும் பாலுலயும் இருக்கற தண்ணிதான், அத மொதல்லயே குறைக்கணும். 1 லிட்டர் பால அரை லிட்டரா சுண்டக் காய்ச்சுங்க, மாம்பழ விழுத அடி கனமான சட்டில கிளறி கெட்டியாக்குங்க, ரெண்டும் நல்லா ஆறினப்புறம் அடிச்சு வச்ச க்ரீமோட கலந்து அகலமான டப்பால ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க, முக்கால் மணிக்கு ஒருதரம் எடுத்து ஓரத்துல கட்டினத உடைச்சு அடிச்சு மறுபடி வைங்க, 3 தடவை போதும். சக்கரைய ரொம்பக் குறைச்சா கல்லு மாதிரி ஆகிடும், உறையாம இளக்கமா வைக்கிறதே அதான்.

சேலத்திலிருந்து: தொட்டி பூரா புதினா, அதுல பண்ணலாமா?

பதில்: தாராளமா! பச்சையா அரைச்சு ஊத்தினா மட்டும் புல்லு வாசம் அடிக்கும். கொதிச்ச பால இறக்கி இலைய போட்டு மூடி, 20 நிமிஷம் கழிச்சு வடிகட்டுங்க. நிறம் ஏறாது, வாசம் அப்படியே இறங்கும்.

நாகர்கோவிலிலிருந்து: அன்னாசி போட்டது கசந்துடுச்சே, பழம் கெட்டதா?

பதில்: பழம் நல்லதுதான். கொதிக்கவைக்காத அன்னாசில, பப்பாளில இருக்கற என்சைம் பாலோட புரதத்த உடைச்சுடும், அதான் கசப்பு. சக்கரை போட்டு நல்லா கொதிக்கவிட்டு ஆறவச்சு சேருங்க.

ஈரோட்டிலிருந்து: லீவுக்கு ஊருக்குப் போறோம், அங்க ஃப்ரீசர் இல்ல, பிள்ளைங்க கேக்குதுங்க.

பதில்: கடைல ஐஸ்கட்டி வாங்கி உடைச்சு, 3 பங்கு ஐஸுக்கு 1 பங்கு கல்லுப்பு கலந்து வாளில போடுங்க, நடுவுல ஐஸ்கிரீம் கலவைய ஊத்தி மூடின எவர்சில்வர் தூக்குச்சட்டிய வச்சு பிள்ளைங்கள மாத்தி மாத்தி சுத்தச் சொல்லுங்க. உப்பு பட்டா ஐஸ் 0 டிகிரிக்கும் கீழ குளிரும், அரை மணில கெட்டியாகிடும். மூடிய திறக்கறதுக்கு முன்னாடி தொடைச்சுக்கோங்க. அப்புறம் அந்த உப்புத்தண்ணிய செடிக்கு ஊத்திடாதீங்க, வேர் கருகிடும்.