நியூட்ரலில் போட்டால் மட்டும் போதாது

கேள்வி: டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஓய்வுபெற்ற பிறகு 31 அடி மோட்டார்ஹோம் (வீட்டு வசதியுள்ள வண்டி) வாங்கினோம், ஃபோர்டு இ-450 சேஸிஸ். நான்கு சக்கரமும் ரோட்டில் உருள, பின்னால் கட்டி இழுக்க 2016 ஹோண்டா சிஆர்-வி ஒன்று பார்த்திருக்கிறோம். "நியூட்ரலில் போட்டால் போதும், சிஆர்-வியை எல்லோரும் இழுக்கிறார்கள்" என்கிறார் விற்பவர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்வது 2014 வரை வந்த வண்டிக்குச் சரி. 2015-இல் ஹோண்டா அதில் சிவிடி கியர்பாக்ஸ் (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வைத்துவிட்டது. அதன் பிறகு வந்த சிஆர்-வியை இப்படி இழுக்கவே கூடாது. பெயர் ஒன்றுதான், வண்டி வேறு.

காரணம் சிம்பிள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சினை அணைத்து இழுத்தால் சக்கரம் கியர்பாக்ஸின் உள்பாகங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் போய்ச் சேராது. இப்படி 200 மைல் இழுத்துவந்த வண்டி ஒன்றை என் பட்டறையில் திறந்தேன். ஆயில் டிகாக்‌ஷன் மாதிரி கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. அடியில் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் கூழாக அப்பியிருந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, "ஓட்டத்தானே விற்றேன், இழுக்கவா விற்றேன்?" என்றாராம். வாங்கியவரும் உங்களைப் போல ஓய்வுபெற்றவர்தான்.

அதனால் எந்த வண்டியானாலும், பேசுபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அதே வருட மாடலின் உரிமையாளர் கையேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மோட்டார்ஹோம் பின்னால் இழுப்பது பற்றிய பகுதி தனியாக இருக்கும். வண்டி நின்றுபோனால் இழுப்பது பற்றிய பகுதி வேறு. அதைக் காட்டி ஏமாற்றுவார்கள், கவனம். இந்த விஷயத்தை கம்பெனிகள் விலைச்சீட்டிலேயே ஒரு வரியில் அச்சிட்டால் என்ன? நானூறாவது பக்கத்தில் போய் ஒளித்துவைக்கிறார்கள்.

2014 சிஆர்-வி கிடைத்தால் நல்லது. கையேட்டில் சொன்னபடி கியர்களை மாற்றி, கடைசியில் நியூட்ரலில் 3 நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைக்க வேண்டும். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவி இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது.

ஜீப் ரேங்லர் வாங்குவதானால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அதில் இரண்டு நியூட்ரல் உண்டு. வழக்கமான கியரில் ஒன்று, நான்கு சக்கர ஓட்டத்துக்கான டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதை நியூட்ரலில் போட்டபின், கியர் ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் இருக்க வேண்டும், மேனுவல் என்றால் ஏதாவது கியரில் இருக்க வேண்டும். ஆமாம், பார்க்கில்தான். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. டிரான்ஸ்ஃபர் கேஸ் முழுதாக நியூட்ரலில் விழவில்லை என்றால் பார்க்கில் இருக்கும் கியர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், கிளம்பிய வேகத்தில் உடையும். ஆகவே கட்டுவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து 5 விநாடி பாருங்கள். டிரைவிலும் அப்படியே. வண்டி அசையவே கூடாது. அப்புறம் அணைத்து, பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள்.

இனி எடை. உங்கள் சேஸிஸில் மோட்டார்ஹோமும் காரும் சேர்ந்து 22,000 பவுண்டு வரை போகலாம். மோட்டார்ஹோம் 14,000 பவுண்டு என்றால் மீதி 8,000 இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். பின்னால் உள்ள ஹிட்ச்சில் (இழுவைக் கொக்கியில்) 5,000 என்று முத்திரை இருந்தால் உங்கள் வரம்பு 5,000தான். ஹிட்ச், இரண்டு வண்டியையும் இணைக்கும் டோ பார், அதை மாட்டக் காரில் பொருத்தும் பேஸ் பிளேட், இவற்றில் எது குறைவோ அதுதான் கணக்கு. தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். விற்றவர் சொன்ன எடை காலி வண்டியின் எடை.

இழுக்கும் காருக்குத் தனி பிரேக் கருவி அவசியமா என்று அடுத்து கேட்பீர்கள். டிரெய்லருக்கு பிரேக் கேட்கும் எடை டெக்சாஸில் 4,500 பவுண்டு, கலிஃபோர்னியாவில் தங்கும் வசதியுள்ள டிரெய்லருக்கு 1,500. ஒரே நாடு, எல்லை தாண்டினால் ஒரு சட்டம். சாலை மட்டும் ஒன்றுதான், இறக்கமும் ஒன்றுதான். "டெக்சாஸில் தேவையில்லை" என்று சொல்லி விலையைக் குறைத்துக் காட்டுபவரை நம்பாதீர்கள். 3,400 பவுண்டு கார் பின்னாலிருந்து தள்ளும்போது மோட்டார்ஹோம் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி மலை இறங்கக் கூடாது. டோ பார் கழன்றால் தானே காரை நிறுத்தும் பிரேக்அவே சுவிட்சும் சேர்த்துப் போடுங்கள். பேஸ் பிளேட்டை பம்பரில் அல்ல, காரின் இரும்பு அடிச்சட்டத்தில் பொருத்தச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கட்டிய நிலையில் ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, டோ பார் வளைந்துவிடும். பெட்ரோல் பங்கில் நுழையும் முன்பே வெளியே போகும் வழியைப் பாருங்கள். முதல் பயணத்தில் 10 மைல் போனதும் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள்.