பதில்: ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், யாரைக் கேட்பது?

தம்பி, அப்பாவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள்; காலையில் வந்த டாக்டர் ஸ்கேன் எடுக்கணும் என்றார், இரவில் வந்தவர் இப்போது வேண்டாம் என்றார், அதானே?

அங்கே நோயாளி ஒரு டாக்டரின் பொறுப்பில் இல்லை, ஒரு யூனிட்டின், அதாவது ஒரு டாக்டர் குழுவின், பொறுப்பில் இருக்கிறார். எந்த யூனிட் என்று கேஸ் ஷீட்டில் (அப்பாவின் சிகிச்சைக் குறிப்பில்) இருக்கும். முடிவு யூனிட் சீஃபுடையது. அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி.க்கள் (மேல்படிப்பு படிக்கும் டாக்டர்கள்), ரத்தம் எடுக்க வரும் ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்). இரவில் வந்தவர் டியூட்டி டாக்டராக இருக்கலாம். அவசரத்தைப் பார்ப்பதுதான் அவர் வேலை, சிகிச்சையை மாற்றுவதல்ல.

சீஃபைத் துரத்தாதீர்கள். அப்பா பெட்டைப் பார்க்கும் பி.ஜி. யார் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். காலை ரவுண்ட்ஸ் முடிந்து அவர் கேஸ் ஷீட் எழுதும்போது போய் நில்லுங்கள். என்ன நோய், ஸ்கேன் எதற்கு, எப்போது? இவ்வளவு கேட்டால் போதும். கேட்பது வீட்டில் ஒரே ஆளாக இருக்கட்டும். சித்தப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் விசாரித்தால் பாதிக் குழப்பம் நம்மாலேயே வரும். (உண்மையில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.)

முதலமைச்சர் காப்பீட்டுக்குத் தனி கவுண்டர் இருக்கும், டாக்டரிடம் கேட்க வேண்டாம். ஸ்ட்ரெச்சர் தள்ள யாராவது காசு கேட்டால் நேரே ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கும் மருத்துவ அலுவலர்) அறைக்குப் போங்கள்.