கட்டம் போட்ட சட்டை

வணக்கம். செகண்ட் லைஃப் என்ற இணைய உலகில் என் அவதாருக்கு, அதாவது அங்கே எனக்காக நடமாடும் உருவத்துக்கு, நானே உடை செய்து பார்க்கிறேன். கோடு போட்ட சட்டை ஒன்று, கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் படமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. போட்டுவிட்டால் விலாப்பக்கம் கோடுகள் சேராமல் ஏறி இறங்கி நிற்கின்றன. உடை, தோல், நடை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்ய ஒரு மென்பொருளை எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன். பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும். நண்பர்களோ, கடையில் கிடைப்பதற்கு எதற்கு இந்தப் பாடு என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எழுதுங்கள், ஆனால் அந்தப் பெரிய மென்பொருளை வேண்டாம். நானும் அப்படி ஒன்றை ஆரம்பித்தவன்தான். இரண்டு மாதம் கழித்து என் கையில் இருந்தது அழகான மெனு மட்டும். சட்டை அப்படியே கோணலாக இருந்தது. கடைசியில் காப்பாற்றியது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ தொகுப்பு இருந்தால் 20 வரிகூட ஆகாது.

அது செய்வது இவ்வளவுதான். உடம்பில் சட்டையாகச் சுற்றும் 512க்கு 512 பிக்சல் படத்தை 32 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கும். மொத்தம் 256 கட்டம். ஒவ்வொன்றிலும் அதன் எண்ணை எழுதும். அந்தப் படத்தையே சட்டையாகப் போட்டுவிட்டு, கேமராவை விலாப்பக்கம் கொண்டுபோனேன். முன்பக்கத்துக் கட்டம் எது, அது பின்பக்கத்தில் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்பது உடம்பிலேயே எழுதியிருந்தது. ஒவ்வொரு ஜோடியாக நோட்டில் குறித்துக்கொண்டேன். அக்குள் பக்கம் கட்டங்கள் சதுரமாகவே இல்லை, இழுத்துப் பிடித்த துணி மாதிரி நீண்டு கிடந்தன. கோடு ஏன் அங்கே தடிக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கட்டம் போட்ட துணியைக் கொண்டுபோனால் தையல்காரர் ஏன் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார் என்பதும்!

இன்னொன்றும் தெரிந்தது. ஒரு கையில் எண்கள் நேராக இருந்தன, மறு கையில் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தன. செகண்ட் லைஃப்பின் பழைய வகை அவதாருக்கு இரண்டு கைக்கும் ஒரே படம்தான். கையில் பெயரைப் பச்சை குத்தினால் ஒரு பக்கம் இடவலம் மாறி வருவது அதனால்தான். 2019ல் பேக்ஸ் ஆன் மெஷ் என்ற வசதி வந்தபோதுதான் இடது கைக்கென்று தனி இடம் கிடைத்தது, அதுவும் வெளியில் செய்து அவதார்மேல் மாட்டும் மெஷ் உடம்புகளுக்கு.

நோட்டில் இருந்த ஜோடிகளை வைத்து, பின்பக்கக் கோடுகளை ஏற்றி இறக்கி வரைய இரண்டாவது ஸ்கிரிப்ட் எழுதினேன். இப்போது கோடுகள் சேர்கின்றன. இடுப்பில் இன்னும் கொஞ்சம் தகராறுதான். மேலுடம்பும் கீழுடம்பும் வெவ்வேறு படம், அதற்கு நான் பெல்ட் போட்டு மறைத்துவிட்டேன்.

ஒரு படத்தைச் செகண்ட் லைஃப்பில் ஏற்றப் பொதுவாக அந்த உலகத்துக் காசில் 10 லிண்டன் டாலர் ஆகும். சோதனைக்கெல்லாம் அதைச் செலவழிக்காதீர்கள். லோக்கல் டெக்ஸ்சர் என்ற வசதி இருக்கிறது. உங்கள் கணினியில் இருக்கும் படத்தை ஏற்றாமலே அவதார்மேல் காட்டும், கிம்ப்பில் சேமித்தால் அங்கேயும் மாறும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நடைக்குத் தனியாக மென்பொருள் எழுதவே வேண்டாம். அவதாரின் அசைவுகளைச் செய்யும் கியூஅவிமேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. அசைவைப் பதிந்து வைக்கும் பிவிஎச் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலே எலும்புகளின் பெயர்கள், கீழே பிரேம் பிரேமாக எண்கள். நடுவில் 'பிரேம் டைம்' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு எண்ணைக் கூட்டினால் அவதார் ஆற அமர நடக்கும், குறைத்தால் பஸ் பிடிக்க ஓடுவதுபோல நடக்கும்.

நண்பர்கள் சொல்வதிலும் தப்பில்லை. காசு கொடுத்து வாங்குவது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1986ல் லூகாஸ்ஃபிலிம் கமோடோர் 64 கணினிக்குச் செய்த ஹேபிடாட் என்ற இணைய விளையாட்டில்தான் திரையில் நிற்கும் ஆளுக்கு அவதார் என்று நம் ஊர்ச் சொல்லை வைத்தார்கள். அங்கேயே இயந்திரத்தில் காசு போட்டுப் புதுத் தலை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். நானும் முடியைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். முடி செய்து பார்த்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அப்புறம், கட்டப் படத்தில் எண்களைப் பெரிதாகப் போடுங்கள். நான் பொடியாகப் போட்டுவிட்டு, அது 168ஆ 188ஆ என்று அக்குளையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.